அவள் அம்மாவின் பூ

என் தம்பியின் மனைவி க்ரீ இனத்துப் பெண். கனடாவின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் ஏரி உறைந்து கிடக்கும் ஒரு சின்ன ஊர்க்காரி. அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மகளுக்குப் பாதி தெரியும். மீதியைக் கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை. சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாலோவுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தோம். அவனுக்கு ஆறு வயது ஆகும்போது அம்மா தவறிவிட்டார். அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, சட்டைக்குப் பொத்தான் தைத்தது எல்லாம் நான்தான். பெரியவனானதும் சிங்கப்பூருக்கு லோரி ஓட்டினான். தினமும் எல்லைப் பாலத்தில் மணிக்கணக்காக நிற்பது சலித்துப்போய், ஓர் ஏஜெண்டைப் பிடித்துக் கனடாவுக்குப் போனான். அங்கேயும் லோரிதான். சாலையே இல்லாத ஊர்களுக்குக் குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் வண்டி ஓட்டிச் சாமான் கொண்டு போகிற வேலை.

அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் வருடம் போன் செய்தான்.

"அக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். இங்க உள்ள பொண்ணு. க்ரீ ஆளுங்க."

"அது என்னாடா ஆளுங்க? வெள்ளைக்காரங்களா?"

"இல்லக்கா. வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்தவங்க."

"நம்ம ஊரு காட்டுல உள்ள ஓராங் அஸ்லி மாதிரியா?"

"அப்படின்னு வெச்சுக்கயேன்."

நான் போனை வைத்துவிட்டேன். நான்கு மாதம் அவனோடு பேசவில்லை. இப்போது கணக்குப் பார்க்கும்போது அந்த நான்கு மாதம்தான் முதலில் வந்து நிற்கிறது. அவனுக்கு இருந்ததே கொஞ்ச காலம்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். கணவர் இறந்த பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆரி ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு முன்னறையிலேயே மரச்சட்டம் போட்டு, கல்யாண ரவிக்கைகளுக்கு மணி வேலை செய்து கொடுக்க ஆரம்பித்தேன். யோங் பெங்கிலிருந்துகூட மணப்பெண்கள் தேடி வருவார்கள். என் கைக்குப் பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மகளுக்குக் கல்யாணம் முடிவானபோது நானாகவே தம்பியைக் கூப்பிட்டேன். அப்பா இல்லாத பெண். தாய்மாமன் வந்து கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போக வேண்டும். "ரெண்டு வாரம் லீவு போட்டு வரேன்க்கா, அவளையும் கூட்டிட்டு வரேன்" என்றான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

விமான நிலையத்தில் அவளை முதன்முதலில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். அகலமான முகம், நரை கலந்த நீளமான பின்னல். என்னைப் பார்த்ததும் "அக்கா" என்றாள். தம்பி வழியெல்லாம் சொல்லிப் பழக்கியிருக்கிறான். நான் தலையை ஆட்டினேன். என் கண் அவள்மேல் இல்லை, தம்பி போட்டிருந்த உடுப்பின்மேல் இருந்தது.

கையில்லாத மேல்சட்டை. வெஸ்ட் என்பார்களே, அது. கறுப்பு வெல்வெட். மார்பின் இரண்டு பக்கமும் அடியிலிருந்து தோள் வரைக்கும் ஒரு கொடி ஏறியது. கொடியில் ஐந்து இதழ் ரோஜாக்கள், மொட்டுகள், மூன்று மூன்றாகச் சிவப்புப் பழங்கள், இலைக்கு இலை வேறு பச்சை. எல்லாம் கடுகைவிடச் சின்ன கண்ணாடி மணி. ஓரத்தில் அடித்தோல் மடித்துத் தைத்திருந்தது. மூஸ் என்கிற பெரிய மானின் தோலாம், அவளே பதப்படுத்திப் புகை போட்டதாம். வண்டிக்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோது விறகு அடுப்பின் வாசனை அடித்தது.

தொழில்காரி கண் பொய் சொல்லாது. ஒரு பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வேலை என்னால் ஆகாது. ஒரு மணிகூட வரிசை தப்பவில்லை. இதழின் வளைவில் நிறம் மாறுகிற இடம் தெரியவே இல்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இந்த ஊரு சூட்டுல இதப் போட்டுக்கிட்டு வர்றியே, வேர்க்கல?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் அவள் என் சட்டத்துக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். மகளின் முகூர்த்த ரவிக்கையின் கைப்பகுதி சட்டத்தில் இருந்தது. ஊசி மேலே போய் வர, அடியில் இடது கை நூல் கொடுக்கிற விதத்தை வெகுநேரம் பார்த்தாள். என் கையைத் தொட்டு, மெதுவாகச் செய்து காட்டு என்று சைகை காட்டினாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து, அவள் ஊர் முறையைக் காட்டினாள். இரண்டு ஊசி. ஒன்றில் மணிகளைக் கோத்து, கோடுமேல் படுக்க வைக்கிறாள். இன்னொரு ஊசி இரண்டு மணிக்கு ஒருமுறை குறுக்கே வந்து அந்த நூலைக் கட்டிப் போடுகிறது. அவள் கை போவதே தெரியவில்லை.

தம்பி கதவில் சாய்ந்து நின்று சிரித்தான். "நான் லோரியில போயிருக்கிறப்பல்லாம் தைப்பாக்கா. என் வண்டி வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் ஊசிய கீழ வைக்க மாட்டா. இந்த வெஸ்டுக்கு எட்டு மாசம்."

அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். தம்பி தமிழில் சொன்னான்: "கோவமா இருந்தா ஊசியத் தொட மாட்டாளாம். கோவம் துணிக்குள்ள போயிடுமாம். போடுறவங்கள அது விடாதாம்."

எனக்கு அன்றைக்கு அவளைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன் போலிருக்கிறது. பிடித்திருந்தும் அடுத்த நாள் அப்படிச் செய்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் தம்பி அவளையும் என் மகளையும் சாப்பிட வெளியே கூட்டிப் போனான். வெஸ்ட் அவர்கள் அறையில் நாற்காலிமேல் தொங்கியது. நான் உள்ளே போய் அதை எடுத்துச் சன்னல் பக்கம் வைத்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். முன்பக்கம், ரோஜா தனியாக, மொட்டு தனியாக, திருப்பிப் போட்டு அடிநூல். பார்த்துக் கற்றுக்கொள்ளத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்ப மாட்டும்போது எப்படித் தொங்கியதோ அதே மாதிரி மடிப்பைச் சரிசெய்தேன். அவ்வளவு கவனமாகச் செய்ததிலேயே அது திருட்டு என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

கல்யாணத்தன்று காலை. மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம். தம்பி பட்டு வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி, மேலே அந்த வெஸ்டைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தான். அவன் பின்னால் அவள் நின்றாள். என் சேலை ஒன்றை மகள் அவளுக்குக் கட்டிவிட்டிருந்தாள்.

"என்னடா இது?"

"இதப் போட்டுக்கிட்டுத்தான் புள்ளைய மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கேன்க்கா. அதுக்குத்தான் அவ தைச்சதே."

"கழட்டு."

அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். "அலமாக், என்னக்கா நீ? நல்லாத்தானே இருக்கு?"

"மாப்ள வீட்டுக்காரங்க ஜொகூர் பாருலேருந்து வர்றாங்க. சர்க்கஸ்காரன் மாதிரி நின்னா என்னா நெனைப்பாங்க? கழட்டுன்னு சொல்றேன் லா."

"அக்கா, மத்தவங்க சொன்னா தெரியாம சொல்றாங்கன்னு விட்டுடலாம். இந்த வேலை உனக்குத் தெரியும். நீயே இப்படிச் சொல்றியே?"

"எனக்கு நேரமாவுது."

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் குரலும் என் விரல் காட்டிய இடமும் போதும். தம்பி ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். அவள் வாங்கி, பூ உள்பக்கம் வரும்படி மடித்துக்கொண்டாள். கல்யாணம் முடியும் வரை மூன்றாவது வரிசையில் அதை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தம்பி வெறும் வெள்ளைச் சட்டையோடு என் மகளை அழைத்துப் போனான்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயந்து சொன்னேன் என்று வெகுநாள் நம்பினேன். அது பொய். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எல்லோரும் பார்க்க வேண்டியது என் மகளின் ரவிக்கை, நான் மூன்று மாதம் தைத்தது. பக்கத்தில் அந்த வெஸ்ட் நடந்து வந்தால் என் வேலையை யார் பார்ப்பார்கள்? அவ்வளவுதான் காரணம். இத்தனை அற்பமானது.

இரண்டு வாரம் என்று வந்தவர்கள் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கிளம்பினார்கள். தம்பி என்னைக் கட்டிப்பிடித்து, "வரேன்க்கா" என்றான். அவள் என் இரண்டு கையையும் பிடித்து "ஏகோசி" என்றாள். "அவங்க பாஷைல, சரி, முடிஞ்சிச்சுன்னு அர்த்தம்" என்றான் தம்பி. நான் சிரித்தேன்.

அதன்பிறகு போன் குறைந்தது. வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆனது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். நேரில் வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவேன்.

அந்தப் படங்கள் என்னிடம் இருந்தன. ஒருநாள் ஒரு மணப்பெண் வந்தாள். மயில், யானை, மாங்காய் எதைக் காட்டினாலும் எல்லோரும் போடுவதுதானே என்றாள். நான் அந்த ரோஜாவைத் தாளில் வரைந்து காட்டினேன். அவள் கண் விரிந்துவிட்டது. "ஆன்ட்டி, இது எங்க புடிச்சீங்க?" என்று கேட்டாள். "நானே யோசிச்சது" என்றேன். வாய் கூசவில்லை.

கறுப்பு ரவிக்கையில் கை முழுக்க அந்தக் கொடி. அந்தப் பெண் இணையத்தில் படம் போட்டாள். அதன்பிறகு வந்தவர்கள் எல்லாம் அந்த ரோஜாவைத்தான் கேட்டார்கள். நான் அதை ஃபேஸ்புக்கில் என் கைவேலை என்று போட்டுக்கொண்டேன். மாசக்கணக்கில் என் சட்டத்தில் வேறு பூ ஏறவில்லை.

தம்பி போன் செய்தான். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் பரவாயில்லை.

"அக்கா, ஃபேஸ்புக்ல ரவிக்கை போட்டிருக்கியே. அந்தப் பூ..."

"ஏன், ரோஜாப்பூ எல்லாருக்கும் பொதுதானே?"

"அது அவ அம்மாவோட பூக்கா. சின்ன வயசுல அவங்கள கவர்மெண்டு ஆளுங்க வீட்டுலேருந்து புடிச்சிக்கிட்டுப் போயி ஒரு பள்ளிக்கூடத்துல அடைச்சிட்டாங்க. முடிய வெட்டி, பாஷையப் பேசுனா அடிச்சி... திரும்பி வந்தப்ப தன்னோட அம்மாகிட்ட பேசக்கூட வார்த்தை இல்ல. வீட்டுக்குப் பின்னாடி காட்டு ரோஜா முளைக்கும். அதப் பார்த்துப் பார்த்து அவங்களா வரைஞ்சது. பழுப்புக் காகிதத்துல வெட்டி ஒரு பிஸ்கட் டின்ல வெச்சிருக்காங்க. அவங்க செத்த பெறகு இவ அத எடுத்து தைச்ச மொத உடுப்பு என்னோடதுதான்."

சட்டத்தில் பாதி தைத்திருந்த ரோஜாவின்மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டேன்.

"மத்ததெல்லாம் புடுங்கிட்டாங்கக்கா. அது ஒண்ணுதான் மிச்சம்."

"அவ பார்த்தாளா?"

"அவதான் எனக்குக் காட்டுனா."

"என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நல்லா தைச்சிருக்காங்கன்னு மட்டும் சொன்னா."

அந்தப் படத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுத்தேன். ஆனால் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ரவிக்கைகள் ஐந்து இருந்தன. அவற்றைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கு என்று அதற்கும் ஒரு பேர் வைத்துக்கொண்டேன்.

கனடாவின் அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள், எங்களுக்குக் காலை பத்து மணி இருக்கும். புதுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் எண்ணிலிருந்து அழைப்பு. அவள் நேராக எனக்குப் போன் செய்ததே இல்லை. எடுத்ததும் "அக்கா" என்றாள். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னாள். பிறகு, எனக்குப் புரிய வேண்டுமே என்று, ஒவ்வோர் ஆங்கில வார்த்தையாகச் சொன்னாள். ரோடு. பனி. வண்டி. இறந்துவிட்டார்.

என் கடப்பிதழ் காலாவதியாகிக் கிடந்தது. மகள் அன்று முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். கடப்பிதழ் சீக்கிரம் எடுத்துவிடலாம், விசா கிடைக்கப் பல வாரமாகும் என்றாள். அங்கே நான்காம் நாள் அடக்கம். எரிக்க முடியாதா, சாம்பலையாவது அனுப்ப முடியாதா என்று கேட்கச் சொன்னேன். அவர் இங்கேயே மண்ணில் இருக்க ஆசைப்பட்டார் என்று பதில் வந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள்.

அடக்கத்துக்கு முந்தின மாலை, எங்களுக்குக் காலை, வீடியோவில் கூப்பிட்டாள். அவள் வீட்டுச் சமையல் மேசை. அதைச் சுற்றி நான்கு பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். தோலில் செய்த மென்மையான காலணி. அவனுக்குப் போட்டு அனுப்புவதற்கு. மேல்பகுதி முழுக்க மணி. அவள் இரண்டு நாளாகப் படுக்கவில்லை என்று ஒருத்தி சொன்னாள். ஒருத்தி ஊசியோடு கையை நிறுத்தி அழுவாள், துடைத்துக்கொண்டு மறுபடியும் தைப்பாள். நான் தைக்கிறவள். என் தம்பிக்குப் பொத்தான் தைத்து வளர்த்தவள். அவனுக்குக் கடைசியாகப் போடுவதில் என் கைத் தையல் ஒன்றுகூட இல்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

மறுநாள் ஊர்மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அவளுடைய உறவுப்பெண் ஒருத்தி போனைப் பிடித்துக் காட்டினாள். முகத்தில் ஒரு பக்கம் காயம், மூடி வைத்திருந்தார்கள். மார்பில் அந்த வெஸ்ட். பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. காலில் புதுக் காலணி.

அந்த நேரத்தில் நான் என்ன கேட்டேன் தெரியுமா? என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. அழுதுகொண்டே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அந்த வெஸ்டை எனக்கு அனுப்பிவிடு, தம்பி ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன்" என்றேன்.

போன் அவள் கைக்கு வந்தது. முகம் வீங்கியிருந்தது.

"இல்லை" என்றாள். "அது அவருடையது. அவர் அதைப் போட்டுக்கொண்டு போகிறார்."

அக்கா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் சொல்லவில்லை.

இங்கே பதினாறாம் நாள் காரியம் செய்தோம். மாலை போட ஒரு படம் வேண்டும். நல்ல படம் என்று இருந்தது கல்யாணத்தில் எடுத்ததுதான். வெறும் வெள்ளைச் சட்டை, மேடைக்குப் பக்கத்தில், சிரிக்க முயற்சி செய்கிற முகம். அதைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். கும்பிட வந்தவர்கள், "அப்படியே உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பின் அந்த ரோஜாவைத் தைப்பதை நிறுத்தினேன். கேட்டு வந்தவர்களிடம் செய்வதில்லை என்று சொன்னேன். அவர்கள் ஜொகூர் பாருவுக்குப் போய் வேறு கடையில் தைத்துக்கொண்டார்கள். என்னிடமிருந்து யாரோ படம் எடுத்து, அவர்களிடமிருந்து இன்னொருவர் எடுத்து, தீபாவளிச் சந்தையில் பார்த்தால் ஒரு கடை முழுக்க அந்தப் பூ. இயந்திரத்தில் தைத்தது, பிளாஸ்டிக் மணி, இதழ் நான்காகக் குறைந்து, பழங்கள் உருண்டையான புள்ளிகளாகி. ரவிக்கை, கைப்பை, தலையணை உறை. கடைக்காரப் பெண் ஒன்றை விரித்து, "எடுத்துப் பாருங்கக்கா, இப்ப இதான் ஓடுது" என்றாள்.

இது யாருடைய பூ தெரியுமா என்று கேட்க நினைத்தேன். யாருக்குச் சொல்வது? எத்தனை கடையில் போய்ச் சொல்வது? வெளியே விட்டது நான். கூட்டத்தில் அந்தக் கடை முன்னாலேயே நின்றுவிட்டேன். மகள் வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த வாரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன் என்றாள் மகள். வேண்டாம் என்று நானே திக்கித் திக்கிப் பேசினேன். படம் எடுத்ததைச் சொன்னேன். கழற்றச் சொன்னதற்கு உண்மையான காரணத்தைச் சொன்னேன். உன் வேலை என் வேலையைவிட நல்ல வேலை, முதல் நாளே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தம்பி உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்து வேலை.

அவள் கேட்டுவிட்டாள். கேட்டதற்கான நீல அடையாளம் விழுந்தது. ஒரு வாரம் கழித்து இன்னொன்று அனுப்பினேன். அதற்கு, போய்ச் சேரவில்லை என்கிற ஒற்றைக் குறிதான், சாம்பல் நிறத்தில். அவளுடைய படமும் போய்விட்டது. நேராக அழைத்தால் மணி அடிக்கவில்லை.

மகளிடம் காட்டினேன்.

"நம்பர மாத்திட்டாங்க போலம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"வேற நம்பர் கண்டுபுடிக்க முடியாதா?"

"யாரக் கேக்கிறது? மாமாவத்தான் கேக்கணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பரவாயில்லை என்று அவள் முதுகைத் தடவினேன். வாசலில் கார் வந்து நின்றது. அளவு கொடுக்க ஒரு மணப்பெண்ணும் அவள் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.